ஐந்து சுளை

செல்லூர்க் கண்மாயை ஒட்டிய எங்கள் தெருவுக்குத்
தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்,
சொன்ன மணிக்கு மட்டும் வராது.
குடங்களை வரிசை போட்டுவிட்டுப்
பெரியவர்கள் தறிக்குப் போய்விடுவார்கள்.
காவலுக்கு
முழுப்பரீட்சை எழுதி முடித்த நாங்கள்.

அந்த வரிசையில்தான் என் புத்தகம் கிழிந்தது.
சரியாகச் சொன்னால், உருகியது.
பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்தது, எட்டு ரூபாய்.
அட்டையில் கலங்கரை விளக்கம்,
ஓடுகிற மூன்று பிள்ளைகள்,
மூன்றாவது பிள்ளைக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.
குடத்து மூடிமேல் வைத்துவிட்டு
நிழல் தேடிப் போய் வந்து எடுத்தால்
முதுகுப் பசை இளகி
சுளை சுளையாகக் கையில் வருகிறது.

அழுதிருப்பேன்.
"அஞ்சுதான? நாமளும் அஞ்சு பேருதான?"
என்றாள் பெனாசிர்.

சீட்டுக் குலுக்கினோம்.
முதல் சுளை துளசிராமுக்கு.
விளக்கு காணாமல் போனது அவனுக்குத் தெரியும்,
எடுத்தவன் யாரென்று தெரியாது.
எனக்கு மூன்றாவது,
பாதி வாக்கியத்தில் தொடங்கியது:
'நனைந்த சட்டையோடு படியேறினான்.'
யார் ஏறினான், எதற்கு நனைந்தான்?
ஜெயசீலியைக் கேட்க வேண்டும், இரண்டு அவளிடம்.
பால் ஐஸ் வாங்கித் தந்தால் சொல்வாளாம்.
பாதி கடித்துவிட்டுக் கொடுத்தேன்.
"படகு கவுந்துருச்சு" என்றாள்.
கவிழ்த்தவன் யார் என்பது
மீதி ஐசில் இருந்தது.

நான்கை பெனாசிர் யாருக்கும் விற்கவில்லை.

கடைசிச் சுளை சோணைமுத்துவுக்கு.
அவன் அப்பா சிம்மக்கல் ஏடிஎம் வாசலில் இரவுக் காவல்.
இவனுக்கு, டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னால்
வயிற்றுவலி.
"மாத்திக்குவமா?" என்றான் துளசிராம்.
"சீட்டுன்னா சீட்டுதான்."

விரலை வைத்துப் படித்தான்.
எழுத்தெழுத்தாக, உதடு அசைய.
நாங்கள் முடித்து, மாற்றிக்கொண்டு, அதையும் முடித்து,
அக்கினி நட்சத்திரமும் பிறந்துவிட்டது.
அவன் விரல் நகர்வதையே
நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"பையப் படி, ஒண்ணும் அவசரமில்ல"
என்று ஜெயசீலி பல்லைக் கடித்தாள்.
ஒருநாள் லாரி வந்து, ஹார்ன் அடித்து,
தெருவே கூச்சலிட்டும் அவன் நிமிரவில்லை.
அவன் குடத்தை யாரோதான் பிடித்து வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை முடித்துவிட்டான்.
கரண்டு கம்பத்து நிழல் ஓராள் அகலம்,
ஒருவர் பின் ஒருவராக அதில் நின்று கேட்டோம்.
காகிதத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு
எங்கும் திக்காமல் சொன்னான்.
விளக்கை யாரும் திருடவில்லையாம்.
காவல்காரர் மகள்தான் ஒளித்தாளாம்,
ஒரு ராத்திரியாவது அப்பா
வீட்டில் படுத்துத் தூங்கட்டுமென்று.
ஒளித்த இடம், மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டி.

துளசிராம் கைதட்டினான்.
ஜெயசீலி மூக்கை உறிஞ்சிவிட்டுத் தூசி என்றாள்.

பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கையில்
கேட்டுக் கேட்டு அவனிடம் வாங்கி
கோணி ஊசியால் ஐந்தையும் தைத்தேன்.
பக்க எண்ணைச் சரிபார்த்தால்
நூற்றுப் பன்னிரண்டோடு நிற்கிறது.
அதுவரை மகளென்று ஒருத்தியே இல்லை.
'கதவைத் திறந்தபோது உள்ளே'
அவ்வளவுதான் கடைசி வரி.

பெனாசிரிடம் காட்டினேன்.
"அப்பவே நெனச்சேன்டி,
நடுக்கடல் பாறையில ஏது சின்டெக்ஸு?"

இருவரும் வாய் திறக்கவில்லை.
கணக்கு நோட்டின் பின்னால் மிஞ்சிய
நாலு வெள்ளைத்தாளைக் கிழித்து
அட்டைக்கு முன்னால் வைத்துத் தைத்து
அவனிடமே கொடுத்தேன்.

புரட்டிக்கொண்டே போனான்.
வெள்ளைத்தாள் வந்ததும் விரல் நின்றது.
என்னைப் பார்த்தான், பெனாசிரைப் பார்த்தான்,
காது சிவந்துபோயிற்று.

வரிசை நகர்ந்தது.
குடத்தைக் காலால் முன்னே தள்ளிவிட்டு
"பென்சில் வச்சிருக்கியா?" என்றான்.

இருந்தது. முனைதான் இல்லை.