கூப்பிட்டால் மட்டும்

டர்பன், சாட்ஸ்வர்த்.
ஹிகின்சன் நெடுஞ்சாலைக்குக் கீழே
தயாளன் மூட்லியின் இழுவை வண்டிப் பணிமனை.
பின்னறையில், பிரேக் எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவே
ஆறு வருடமாக உறுமிக்கொண்டிருந்தது ஒரு சர்வர்.
மின்வெட்டு வந்து பேட்டரியும் தீர்ந்தால்
அதற்கும் இருட்டு.
விபத்து அட்டவணை பார்த்து நடப்பதில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து அதைக் கலைத்தேன்.
ஒரே பெரிய நிரலைச்
சின்னச் சின்ன வேலைகளாக உடைத்தேன்:
அழைப்பை வாங்க ஒன்று, இடம் கண்டுபிடிக்க ஒன்று,
பக்கத்து வண்டிக்குச் சொல்ல ஒன்று.
எதுவும் எங்கும் குடியிருக்காது.
போன் அடித்தால் பிறக்கும்,
முடித்தால் இல்லாமல் போகும்.

"அப்ப சர்வரே கிடையாதா?"
"இருக்கு. கேப் டவுன்ல, வேற யாரோடதோ."
"சும்மா இருக்கிற நேரத்துக்கு?"
"காசு இல்ல."
இரண்டாம் தடவையும் கேட்டார்.
இரண்டாம் தடவையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாக.

முதல் மாத பில்:
பதினோரு ராண்ட், நாற்பது சென்ட்.
வானிலை அறிக்கைபோல் படிக்கலாம் அதை.
ஒன்பதாம் தேதி மழை, மேரியன்ஹில் இறக்கத்தில் சரக்கு லாரி;
ஒரே இரவில் நாலாயிரம் ஓட்டம்.
பதினாறு: பூஜ்யம்.
ஊர் முழுக்க வீடு போய்ச் சேர்ந்த நாள்.

குறைகளை மறைக்கவில்லை.
நெடுநேரம் அழைப்பில்லாமல் கிடந்தால்
முதல் அழைப்புக்குக் கண்விழிக்க இரண்டு நொடி.
கண்ணாடித் தூளில் நிற்கிறவளுக்கு
அது இரண்டாக இருக்காது.
கம்பெனி மாறினால் பாதியைத் திரும்ப எழுதணும்.
ஒன்று உடைந்தால் ஒன்பது இடத்தில் தேடணும்.

அவர் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே, விளக்கடியில்
சிபோனெலோ, லோகநாதன், இன்னும் இரண்டு பேர்,
பூட்ஸ் கழற்றாமல்
தூனிச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ராத்திரி பூரா உக்காந்திருக்கானுங்க.
நேத்து ஒரே ஒரு கால்."
விரல்விட்டு எண்ணினார்.
"இவங்களையும் அப்படி வைக்கலாம் இல்ல?
கூப்பிட்டா மட்டும்?"

நான் விற்ற சொற்கள்
அவர் வாயில் புத்தம்புதிதாக இருந்தன.

சொன்னேன்:
எங்கேயோ ஒரு மெஷின் தூங்காம நிக்குது, அண்ணே.
நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.
அதோட கரண்ட்டுக்கு யாரோ கட்டுறாங்க.
லோகா வீட்ல போனைப் பாத்துக்கிட்டே விழிச்சிருந்தா
அந்தக் கரண்ட்டுக்கு யாரு?

பில்லை மடித்தார். பிரித்தார்.
"நீ கம்ப்யூட்டரைப் பாரு" என்றார்.

ஒன்றே முக்கால் மணி.
மேலே நெடுஞ்சாலையில் டயர் கிரீச்சிட்டது,
அப்புறம் அந்தச் சத்தம்.
எந்த அழைப்பும் வரவில்லை இன்னும்.
திரையில் எதுவும் பிறக்கவில்லை.
சிபோனெலோ வண்டியைக் கிளப்பிவிட்டான்.
லோகநாதன் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து,
காற்றுக்குப் பறக்காமல்
மேலே ஒரு ஸ்பேனரை வைத்துவிட்டு
ஓடினான்.