நான்கு ஓட்டைகள்

மெர்சி குரியகோஸ் துப்பாக்கியை விற்கிறாள்.
"புரை என் கண்ணுலதான், குழல்ல இல்ல"
என்று உறையின் ஜிப்பைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.
கோத்தகிரி ரைபிள் கிளப்பின் மேசை.
ஒரு கால் குட்டை,
தோட்டாப் பெட்டியின் அட்டையை மடித்து
முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

பாயிண்ட் டூ டூ.
ஆண்கள் குடை அளவு நீளம், இரண்டரைக் கிலோ.
விசையை ஒருமுறை இழுத்தால் ஒன்று.
அடுத்தது கேட்காமலே வந்து நிற்கும்,
டிக்கெட் வரிசையில் நம் முதுகோடு ஒட்டுகிற ஆள் மாதிரி.

வாங்க வந்தவர் குன்னூர்ப் பல் டாக்டர்.
தரகு ஆல்துரை.
சுட்டுப் பார்த்து எழுதித் தருவது நான்.
இருநூறு தோட்டா, ஒரு நோட்டு,
கையெழுத்துக்கு ஐந்நூறு ரூபாய், டீ தனி.

முதலில் குறி.
ஐம்பது மீட்டர். மணல்மூட்டைமேல் குழல்.
பாதி மூச்சை விட்டு மீதியைப் பிடித்துக்கொண்டேன்.
ஐந்து வெடி.
தாளைக் கொண்டுவந்தால் ஓட்டை நான்கு.
ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால்
நான்கும் மறைந்துவிடும்.

"அஞ்சாவது, போன வழியிலேயே போயிருக்கு"
என்றார் டாக்டர்.
ஆல்துரை உடனே தலையாட்டினான்.
நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்
மகனின் பஸ் ஃபீஸ் ஞாபகம் வந்ததை
நான் சொல்லவில்லை.

குறி வேறு, நம்பகம் வேறு.
குறிக்குத் தாள் சாட்சி.
மற்றதற்கு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

அறுபத்து மூன்றில் சிக்கியது.
காலிக் குப்பி வெளியே தெறிக்காமல்
டீ ஃபாக்டரிப் புகைபோக்கியாய் நிமிர்ந்து நின்றது.
துடைத்தேன். எண்ணெய் ஒரு துளி.
நூற்றுப் பத்தில் மறுபடியும்.
மெழுகு பூசிய ஈயம், இந்த ஊர்க் குளிரில்
உறைந்த நெய் மாதிரி அப்புகிறது. எழுதினேன்.

நூற்று நாற்பத்தொன்று.
விசை.
டிக்.

அவ்வளவுதான்.

முப்பது விநாடி காத்திருக்க வேண்டும், விதி.
குழல் முன்னே, விரல் வெளியே.
உள்ளே இருப்பது செத்ததா, தாமதமா
யாருக்கும் தெரியாத முப்பது.
எட்டு, ஒன்பது.
பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது.
முதலில் மண்மேடு போயிற்று, பிறகு இலக்கு,
பிறகு சிவப்புக் கொடி.
பத்தொன்பதில் மேகத்துக்குள் ஏதோ மூச்சுவிட்டது.

காட்டெருமை.
தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி
எங்கள் ஐம்பது மீட்டருக்குக் குறுக்கே,
வெள்ளைக் காலுறை போட்ட நாலு காலும்
ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு அவசரமும் இல்லாமல்.
குழலை மண்ணுக்குச் சாய்த்தேன்.
டாக்டரின் கையில் சாவிக்கொத்து நடுங்கிற்று.
இருபத்தாறு. இருபத்தேழு.
வெடிக்கிற எண்ணமிருந்தால் இப்போது வேண்டாம் என்று
சுண்டுவிரல் நுனி அளவுப் பித்தளையிடம்
மனசுக்குள் கெஞ்சினேன்.
முப்பது.
எனக்காக இன்னொரு முப்பது.

அது போனபின் தோட்டாவை எடுத்துப் பார்த்தேன்.
விளிம்பில் ஊசியின் தடம், ஆழமாய், சரியாய்.
இந்த ஜாதித் தோட்டாவுக்கு
நடுவில் ஒன்றுமில்லை, ஓரத்தில்தான் உயிர்.
அந்த ஓரத்தில் மருந்து அந்த ஒரு இடத்தில் மட்டும்
எட்டவில்லை போலிருக்கிறது.
துப்பாக்கிமேல் தப்பில்லை.
மேகம் கலைந்ததும் லேசாகத் திருப்பிப் போட்டு இழுத்தேன்.
வெடித்தது, எதுவும் நடக்காததுபோல.

இருநூறும் முடிந்து அட்டையைக் கழற்றப் போனேன்.
எத்தனையோ வருஷத்து ஓட்டைகள்.
அவற்றில் ஒன்று, தாள் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி,
ஓரத்து நார் இன்னும் வெளுப்பாக இருந்தது.

எழுதினேன்:
இருநூறில் மூன்று நிறுத்தம். ஒன்று தோட்டாவின் குறை.
ஐந்தில் நான்கு, ஒரு ரூபாய்க்குள்.
ஐந்தாவது, சுட்டவர் பிழை.

"அக்கா, கடைசி வரி வேணுமா?" என்றான் ஆல்துரை.
டாக்டர் படிக்கவில்லை.
நாலு ஓட்டைத் தாளை நீளவாக்கில் சுருட்டி
கோட்டுக்குள் வைத்திருந்தார்,
கிளினிக்கில் ஃப்ரேம் போடுவாராம்.

மெர்சி நோட்டை மூக்கருகே பிடித்து
ஒவ்வொரு எழுத்தாய்ப் படித்து முடித்தாள்.
பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்:
"எருமை எந்தப் பக்கம் போச்சு?
கீழே என் கேரட் பாத்தி இருக்கு."