கேப்ஸ் லாக் விளக்கு

அலறிவிட்டு விழும் இயந்திரத்தை எனக்குப் பிடிக்கும்.
கெர்னல் கலங்கினால் திரை நிறைய எண்களைக் கக்கும்,
அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடலாம்.
இது அப்படியில்லை.
சுங்காய் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கூண்டுக்குள்
02:46:11 என்று காட்டிய கடிகாரம்
12 காட்டவில்லை.
அவ்வளவுதான்.

மேடைமேல் லாரி.
லாரியில் எட்டு டன்னும் சொச்சமும்.
அந்தச் சொச்சம் வட்டில் ஏறவில்லை.
"மிஷின் ரோசாக்கா?" என்றார் மாசிலாமணி, இஞ்சினை அணைக்காமல்.
அவருக்குப் பின்னால் ஆறு ஜோடி முகவிளக்குகள்.
குலை காத்திருந்தால் புளிக்கும்,
புளித்தால் தரம் குறைப்பார் கிரேடர் அஸ்மான்,
அந்த வெட்டு என் கணக்கில் விழாது.

கேப்ஸ் லாக்கைத் தட்டினேன்.
நாடி பார்ப்பதுதான் இதுவும்:
விளக்கு வந்தால் நோய் திரைக்கு மட்டும்,
வராவிட்டால் உள்ளே எல்லாரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள்.
வரவில்லை.
பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினேன்.
எழுந்தது. கோப்புகளைத் தடவிப் பார்த்துக்கொண்டது.
ஒன்றுமே நடக்காததுபோல் கடவுச்சொல் கேட்டது.
பதிவுகளில் 02:46க்கு அடுத்த வரி 02:58.
நடுவே முனகல்கூட இல்லை.

"யூனிக்ஸை யார் போடச் சொன்னது" என்றார் மேலாளர்.
நான் நினைவகத்தைச் சந்தேகித்தேன்.
இரவு முழுக்கச் சோதனை, ஒரு பிட்டும் புரளவில்லை.
கழற்றிய குச்சியைச் சட்டைப்பையில் மறந்து
துவைத்தும்விட்டேன்.
காய்ந்தபின் அதுவும் தேறியது.
பீடோரில் ஹெங் கடையில் புது மின்வழங்கி வாங்கினேன்.
விசிறியில் அப்பியிருந்த செம்பனை நாரைப்
பல்துலக்கியால் சுரண்டினேன்.
வெள்ளிக்கிழமை, மழையில், மறுபடி நின்றது.

எடைக் கிராணி தவமலரிடம் ஒரு நோட்டு இருந்தது.
யாரும் கேட்காமலே எழுதி வந்திருக்கிறாள்:
நேரம், லாரி எண், மழையா, யார் கத்தினார்கள்.
பதினேழு நிறுத்தங்கள்.
"காலி மேடையில ஒருக்காகூட நிக்கல, பாத்தீங்களா?"
நான் பார்த்திருக்கவில்லை.
லாரி ஏறும் கணத்தில்
தராசு தன் எண்ணைச் சொல்ல வரும்,
அதே கணத்தில் வாசல் கேமரா படத்தோடு வரும்.
இரண்டு அட்டைக்கும் ஒரே இன்டரப்ட், பதினொன்று.
ஒரே மணிக்கயிற்றை இரண்டு பேர் இழுக்க,
உள்ளே இருப்பவன்
யாருக்குக் கதவு திறப்பது என்று நின்றே போனான்.

அப்படித்தான் நினைக்கிறேன்.
ஏனென்றால் அன்றிரவு ஹாரன் சத்தத்தில்
அட்டையை வேறு துளைக்கு மாற்றிய கையோடு
பயோஸில் மின்சேமிப்பையும் அணைத்துவிட்டேன்.
இரண்டு மருந்து, ஒரே வாயில்.
பத்தொன்பது நாளாக நிற்கவில்லை.
மேலாளர் "நல்லது" என்று கையெழுத்துப் போட்டார்.
எனக்குத்தான் தூக்கமில்லை.
எது குணப்படுத்தியது?

ஞாயிற்றுக்கிழமை. கொதிகலன் ஆறிக் கிடந்தது.
மின்சேமிப்பைத் தொடவில்லை.
அட்டையை மட்டும் பழைய துளையில் செருகினேன்.
சீரியல் கேபிளின் மறுமுனையில் இன்னொரு கணினியை வைத்தேன்,
சாகும்போது ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ள.
லாரி இல்லாததால் தவமலரே மேடையில் ஏறினாள்.
அறுபது கிலோ.
பத்துக்குக் கீழே அந்தத் தராசுக்குக் கண் தெரியாது.
கேமரா சிமிட்டியது. விளக்கைத் தட்டினேன், வந்தது.
இறங்கினாள், ஏறினாள். வந்தது.
வெயில் ஏறியது.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். வந்தது.
நாற்பத்து மூன்றாவது தடவை,
"ஏறிட்டேன்!" என்று கத்தினாள்.
திரையில் இன்னும் சுழியம்.
தட்டினேன்.
இருட்டு.

"அசையாதே" என்றேன்,
குரலில் வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல்.
"தவமலர், அப்படியே நில்."