திருத்தம் ஒன்பது

நர்சிங் ஹோமுக்கு
ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் படி போட்டிருந்தேன்.
புதன்கிழமை புது விதி வந்தது.
இரண்டு மீட்டர்.

திரையில் முக்கால் மீட்டர் என்பது
ஒரு கோட்டைப் பிடித்து இழுக்கிற வேலை.
மன்னார்குடியில், தரையில்,
அது ஒரு மருந்துக்கடை.
மாத வாடகை பதினெட்டாயிரம்,
முன்பணம் வாங்கியாகிவிட்டது.

டாக்டர் திலோத்தமை கேட்டார்:
"போன வாரம் சரியா இருந்த படி
இந்த வாரம் எப்படிம்மா ஆபத்தாச்சு?"
பதில் தெரியாமல்
ஆறிப்போன டீயைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

விதி மாறினால் முதலில் திட்டுவேன்.
மறைக்க ஒன்றுமில்லை.
சித்திரையில் கை நுழைய வெடித்து
ஐப்பசியில் ஊதிப் புடைக்கும் களிமண்ணுக்கு
அடித்தூணின் காலை அகட்டி வைக்கப் பழகியவள்.
வாய்க்கால் கசிவுக்கு வளைவேன்,
மணல் கிடைக்காத மாதத்துக்கு வளைவேன்,
சன்னல் மூலையை மாற்றச் சொல்லும் சோதிடருக்கும்.
ஒரு தாளுக்கு வளையும்போது மட்டும்
முதுகு வலிக்கிறது.

மாலையில் சைட்டுக்குப் போனேன்.
படி திரும்புகிற இடத்தைப் பழைய அளவில்
சுண்ணாம்பால் கோடிட்டு
கோட்டின் மேல் செங்கல் அடுக்கச் சொன்னேன்.
கொத்தனார் அந்தோணிராஜ் பெஞ்சைக் கொண்டுவந்தார்.
வாட்ச்மேன் காத்தமுத்து
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
அதில் மல்லாந்து படுத்தார், நோயாளியாக.
நாலு பேர் தூக்கினோம்.
திரும்பும்போது மூன்று செங்கல் சரிந்தது.
"கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க."
சாய்த்தோம்.
காத்தமுத்து விழுந்தார்.

எல்லோரும் சிரித்தோம், அவர்தான் அதிகம்.
சிரிப்பு எனக்குப் பாதியில் நின்றது.
விதிப்புத்தகத்தில் இருக்கிற எண் ஒவ்வொன்றும்
எங்கோ, யாரோ,
திரும்ப முடியாமல் போன இடத்தின் அளவு.

இதை டாக்டரிடம் சொல்லவில்லை.
பெஞ்சில் எடுத்த வீடியோவை அனுப்பினேன்.
ராத்திரி பதில் வந்தது:
"மருந்துக்கடையை எடுத்துடுங்க."

அதோடு தூங்கியிருக்கலாம்.

பந்தலடிப் பக்கம் ஒரு வணிக வளாகம்,
பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் வரைந்தது.
ஒரே படி. தொண்ணூறு சென்டிமீட்டர்.
அன்றைய விதிக்கு ஒரு நூல் குறையாது;
முத்திரை குத்திய நகல் என் அலமாரியில் இருக்கிறது.
மூன்றாம் மாடியில் அப்போது காலி ஹால்,
இப்போது நீட் கோச்சிங்.
மறுநாள் இரவு ஏழரைக்குப் போய்
வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன்.
நூற்றுப் பதினான்கு ஜோடி.
படிக்கு அடியில் இருபத்திரண்டு வண்டி,
மின்மீட்டர் பலகையை உரசிக்கொண்டு
ஒரு புல்லட்.

உரிமையாளர் நடனசபாபதி
கால்குலேட்டரிலிருந்து தலை தூக்கினார்.
"நோட்டீஸ் ஏதும் வந்திருக்கா?"
"இல்லீங்க."
"பழைய கட்டடத்துக்கு இந்த விதி செல்லுமா?"
"செல்லாதுங்க."
"அப்புறம்?"

நான்காக மடித்த தாளைப் பிரித்துக் காட்டினேன்.
பின்னால் வாய்க்காலை ஒட்டி ஓர் இரும்புப் படி,
ஒவ்வொரு மாடியிலும் வெளிப்பக்கம் திறக்கும் கதவு.
"ஃபீஸ் எவ்வளவு?"
"வேண்டாங்க."
அப்போதுதான் அவருக்கு
என் மேல் சந்தேகம் வந்தது.
தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் எதுவும் எழுதியிருக்கிறதா என்று.

நர்சிங் ஹோம் வரைபடம்
திருத்தம் ஒன்பதாகப் போய்விட்டது.
பத்து நாள் கழித்துப் பந்தலடியைத் தாண்டும்போது
வண்டியை ஓரம் கட்டினேன்.

இரும்புப் படி இல்லை.
கேட்கவும் இல்லை.
ஆனால் படிக்கு அடியில் வெறும் தரை,
எண்ணெய்க் கறை, ஒரு நாய்.
வண்டியெல்லாம் எதிர் மனைக்குப் போயிருந்தது.

புல்லட் மட்டும் அங்கேயே.
அது மகனுடையதாம்.
மகன் துபாயிலாம்.
சாவியும்.

தள்ளிப் பார்த்தேன்.
ஹேண்டில் பூட்டியிருந்தது.