காற்று: பதினோராவது தடவை

அலுமாரியின் கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டால்
ஒரு ஆள் குந்தலாம்.
தலைக்கு மேல் கலியாணச் சேலைகள் மூன்று,
அவரின் ஒரே கோட்டு,
சரியாகக் காயாத ஒரு துவாய்.
துணி சத்தத்தைக் குடிக்கும் என்று
பஸ்மிலா சொல்லியிருந்தாள்.
குடித்தது.
'வணக்கம்' என்றேன்,
வாயை விட்டு ஒரு சாண்கூடப் போகவில்லை.

போனுக்கு முன்னால்
வளையலில் இழுத்துக் கட்டிய பழைய ஸ்டொக்கிங்.
ப என்ற எழுத்துக்குள் வெடிமருந்து இருக்கிறது:
பால்மா, பற்பசை, பாதுகாப்புப் பட்டி.
முப்பத்துநாலு வயதுவரை
எனக்கு இது தெரியாது.

ஒரு நிமிடம் போதுமாம் அவர்களுக்கு.
அதற்குள் நான் ஐந்து பெண்கள்:
வட்டி சொல்லும் வங்கிக்காரி,
பிள்ளைக்குப் பால் கரைக்கும் தாய்,
கப்பலில் தீப்பிடித்தால் பதறாமல் பேசுகிறவள்,
கதைக்குள் ஒரு பெண்முயல்,
காற்றாலை பற்றிய ஆவணப்படத்துக்கு
வயது தெரியாத ஒருத்தி.
ஐஸ் தொழிற்சாலையில் பில் எழுதும் தயாளினியை
ஒருவரும் கேட்கவில்லை.

விடிய நாலுக்கு வள்ளங்கள் இன்ஜின் முடுக்கும்.
ஐந்துக்குப் பாங்கு,
அதன் வாலைப் பிடித்தபடி கோயில் மணி.
ஆறரைக்குப் பாண் ஓட்டோ
தெரிந்த ஒரே மெட்டை ஒழுங்கை முழுக்கத் தடவும்.
பிறகு காகம். பிறகு வேலை.
ராத்திரி பதினொன்றுக்கு ஊர் வாயை மூடிவிடும்
என்று நினைத்தால்
குப்பைப் பையை இழுத்துக்கொண்டு மான் வருகிறது.
திருகோணமலை மான்
பொலித்தீன் மெல்லும் சத்தம்
எந்த மைக்குக்கும் கேட்கும்.
முயலின் வசனத்துக்குப் பின்னால்
அது இன்னும் மென்றுகொண்டிருக்கிறது.

ஃபேனை நிறுத்தியிருந்தேன்.
'அமைதியாக இருங்கள், படிகளைப் பயன்படுத்துங்கள்...'
கட்டிலில் வேர்த்துக் கிடந்தவர் கேட்டார்:
'தீ எத்தினையாம் தட்டில?'
நல்லாய் வந்த தடவை அது. போய்விட்டது.

காற்றாலைதான் பிடிகொடுக்கவில்லை.
சென்னையிலிருந்து குரல்செய்தி:
'வாய்ஸ் நல்லாருக்கு மேடம்,
அந்தக் காற்று மட்டும் கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க.'
திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.
அவருடைய காற்றுக்குள்
சின்னதாய் ஒரு ர உருண்டு இறங்குகிறது.
என்னுடையதில் இல்லை.
எங்கட வாயில் அது பல்லுக்குப் பின்னால் முட்டி
அங்கேயே நிற்கும்.
நேற்று, சோற்றுப்பானை, வற்றின குளம்
எல்லாம் அப்படித்தான்.

பத்துத் தடவை சொன்னேன்.
பத்திலும் அந்த ர
அரிசியில் கிடந்த கல்.
காற்றே இல்லாத பெட்டிக்குள் குந்தியிருந்து
காற்று, காற்று என்று
கண்ணுக்குள் வேர்வை இறங்க.

பதினோராவதுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.
வெளியே கச்சான்.
உப்புவெளித் தென்னைகளை எல்லாம்
கடல் பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.
அப்படியே சொன்னேன், வாய்க்கு வந்தபடி.

ஞாயிறு பஸ்மிலா லாப்டொப்போடு
கிண்ணியாப் பாலத்தால் வந்தாள்.
திரையில் என் குரல் மலைமலையாய்.
மலைகளுக்கு நடுவில் புல்லுப்போல் ஏதோ.
'இது நீ மூச்செடுக்கிற இடம். வெட்டட்டா?'
வெட்டினாள்.
ஐந்து பெண்களும் செத்த பிறகும்
சிரித்துக்கொண்டே பேசினார்கள்.
'திரும்ப வை' என்றேன்.
மானை மட்டும் எடுக்க முடியவில்லை.

அனுப்பி ஐந்து கிழமை.
சென்னை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறதாக்கும்.

முதல் கூலி முதலாளி தந்தார்:
மூவாயிரம் ரூபாய், ஒரு கட்டி ஐஸ்.
போனை எடுக்க ஆள் இல்லாத நேரத்துக்கு
அலுமாரிக்குள் இருந்து நான் சொன்னது இவ்வளவுதான்:
'காற்றால கரண்ட் இல்லை. ஐஸ் முடிஞ்சுது.
விடிய வாங்கோ.'

நேற்று மேசையில் போன் அடித்தது.
எடுக்காமல் ஸ்பீக்கரைப் போட்டேன்.
நான் சொல்லி முடிக்க
மறுமுனையில் சம்மாட்டி யோகராசா
தொண்டையைச் செருமினார்:
'பிள்ளை, ரெண்டு பெட்டிக்கு மட்டும்.
மீன் கிடக்குது.
பிள்ளை?
கேக்குதோ?'