இன்னும் பத்துப் பேர்

சாங்கி முனையில் படகுக்கு ஒரு கணக்கு உண்டு.
பன்னிரண்டு தலை சேர்ந்தால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள்.
வழக்கமாக நாமே ஆறு. பாதிப் படகு.
மீதிக்கு அதிகம் காத்திருந்ததில்லை.

இன்று நீயும் நானும்.

ரோஸ்லானின் மகனுக்குக் காய்ச்சல், ஸைனபும் வரவில்லை.
ஹுய் மின் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டாள்.
அவளில்லாமல் கதிர்வேலன் சைக்கிள் ஏற மாட்டான்,
விழுந்தால் சிரிக்க ஆள் வேண்டுமாம்.
செய்திகள் ஒவ்வொன்றாய் வந்து விழுந்தபோது
இரண்டாம் எண் பேருந்து
தானா மேராவைத் தாண்டியிருந்தது.
"திரும்பிடலாமா?" என்றாய்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாயா
வேண்டாம் என்றா, தெரியவில்லை.
பேருந்தும் நிற்கவில்லை.

குணாளா, ஒன்று சொல்ல வேண்டும்.
உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்குமேல்
நீ மற்றவர்களிடம் சொல்லக் கேட்டது.

மக்ரிட்சியில், ரோஸ்லானின் கையிலிருந்த
பீசாங் கோரிங் பையைக் குரங்கு பிடுங்கிப் போன அன்று,
தொங்குபாலத்துக்கு முன்னால் தயங்கி நின்று
ஸைனபிடம்தான் சொன்னாய்,
உனக்கு உயரம் பயம் என்று.
பதினோராம் மாடியில் ஆறு வருடமாய்
நீதான் துணி காயப்போடுகிறாய்.
மூங்கில் கழியை வெளியே நீட்டும்போது
கண்ணை மூடிக்கொள்வாயாம்.

ஈஸ்ட் கோஸ்ட்டில் சோளம் கருகிய இரவு
வேலையை விடப் பார்க்கிறேன் என்று கதிர்வேலனிடம் சொன்னாய்.
இரண்டடி தள்ளி நான் கரியை விசிறிக்கொண்டிருந்தேன்.
காற்று என் பக்கம் திரும்பியது.
புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்,
யாரும் கேட்கவில்லை.

பூகிஸ் கரோக்கே அறையில்
எப்படிச் சந்தித்தீர்கள் என்றாள் ஹுய் மின்.
நீ சொன்ன கதையில் மழை பெய்தது.
அன்று மழை இல்லை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது,
சட்டை முதுகில் ஒட்டும் வெயில்.
ஆனாலும் திருத்தவில்லை.
நல்ல மழையாக இருந்தது அது.

வார நாட்களில் உனக்குத் துவாஸில் இரவு,
எனக்கு மருத்துவமனையில் பகல்.
மின்தூக்கி திறக்கும்போது ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே.
குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தத்தின் அடியில்
"மீன் மேல்தட்டில்."
"கரண்ட் பில் கட்டியாச்சு."
கல்யாணமானவர்கள் எழுதும் கடிதம்
இவ்வளவுதான் போலும் என்றிருந்தேன்.

தூண்டிலோடு மூவர் வந்தார்கள். ஐந்து.
அப்பா, அம்மா, இரண்டு வாண்டுகள். ஒன்பது.
வாண்டுகளில் மூத்தது எல்லோரையும் விரல் நீட்டி எண்ணியது,
நம்மை மட்டும் சேர்த்து ஒன்று என்றது.
அதன் அம்மா திருத்தினாள்.
தலைக்கவசம் போட்ட இருவர். பதினொன்று.

ஒருவருக்கான காசைச் சேர்த்துக் கொடுத்தால்
இப்போதே கிளம்பலாம் என்றார் படகுக்காரர்.
உன் கை பணப்பைக்குப் போனது.
அங்கேயே நின்றுவிட்டது.

"வியாழக்கிழமை காலைல," என்றாய்,
தண்ணீரைப் பார்த்துக்கொண்டு,
"கம்பெனி பஸ்ஸை ஒரு உடும்பு நிறுத்திடுச்சு.
இவ்ளோ நீளம். ரோட்டு நடுவுல.
டிரைவர் ஹார்னே அடிக்கல."

சுற்றிலும் பார்த்தேன்.
ரோஸ்லான் இல்லை, ஸைனப் இல்லை.
தூண்டில்காரர்கள் புழுவைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.
வேறு யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

"அப்புறம்?"

"எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாத்தோம்.
அது நாக்கை நீட்டி நீட்டி..."

உணவங்காடிப் பக்கமிருந்து
காப்பிப் பொட்டலம் ஒரு கையிலும்
தொப்பி மறு கையிலுமாய்
ஒருவர் ஓடி வருகிறார், "வெய்ட்! வெய்ட்!" என்று.
படகுக்காரர் கயிற்றருகே குனிகிறார்.

ஐயா, மெதுவாக வாருங்கள்.
காப்பி சிந்தும்.
உடும்பு இன்னும் சாலையைக் கடக்கவில்லை.