ஓரக்கண்

கப்பல்துறையின் பழைய கொதிகலன் கூடத்தை
இடிப்பதற்கு முந்தின இரவு
பதினோரு கூண்டுகள், ஆறு டப்பா மத்தி மீன்,
குளிருக்கு என் பழைய ஓவர்கோட்.
விடியும்போது ஏழு பேர் உள்ளே. நாலு கூண்டு காலி.
எட்டாவதாக ஒன்றும் இருந்தது.
அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்,
அல்லது வேண்டாம்.

டாக்டர் யாகோடா அறுவை முடித்து
ஒவ்வொன்றுக்கும் இடது காது நுனியை
ஒரு நகக்கண் அளவு வெட்டி அனுப்பினாள்.
இது ஏற்கெனவே பிடிபட்டது, விட்டுவிடு என்று
இன்னொரு கூண்டுக்காரருக்கு எழுதிய சீட்டு.

க்தீனியாவில், நாலாம் மாடியில்,
இரண்டு அறையும் உறைந்துபோன பால்கனியுமாக
கப்பல்துறையின் மிச்சம் என்னோடு குடியிருக்கிறது.
நங்கூரம், சுங்கம், இரண்டாம் கிரேன், திங்கட்கிழமை,
துருப்பிடித்தவள், துருப்பிடித்தவளின் தம்பி.
அப்புறம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால்
பதினான்கு மாதமாகப் பெயரில்லாத ஒன்று.
அதன் நிறம் எனக்குத் தெரியாது.
கிண்ணம் காலியாவது தெரியும்.

வீடு நாறுகிறது. மறைப்பானேன்.
மூன்றாம் மாடி வெரோனிகா
படிக்கட்டில் என்னைக் கண்டால் மூக்கைப் பொத்துவாள்.
ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் என் கதவுப் பிடியில்
ஒரு பை தொங்கும், நிறைய ஹெர்ரிங் தலைகள்.
யார் மாட்டியது என்று
நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

நேராக நடந்து போகக் கூடாது.
வேறெங்கோ போகிறவள்போல சுவரை ஒட்டிப் போக வேண்டும்.
கண்ணுக்குக் கண் பார்த்தால் சண்டைக்கு இழுப்பது.
இமையை மெல்ல மூடி, மெல்லத் திறந்தால்
உன்னைக் கொல்லும் உத்தேசம் இல்லை என்பது.
கிண்ணத்தை வைத்ததும் திரும்பிக்கொள்ள வேண்டும்.
முதுகுதான் முக்கியம்.
இதெல்லாம் கைத்தழும்புகளோடு கற்றது.
எடைமேடையில் ஒரு லாரிக்காரன் கேட்டான்:
"என்னம்மா, கழுத்துச் சுளுக்கா?
ஏன் ரசீதைப் பக்கவாட்டில் நீட்டுகிறாய்?"

பிப்ரவரியில் மிரோன் வந்தான்.
ஐந்து வருடம். காரணத்தில் பாதி
என் வாயிலிருந்து வந்தது, மீதி அவன் அப்பாவுடையது.
கையில் ஒரே பை.
இடது புருவத்தில் நான் அறியாத ஒரு தழும்பு.

நான் நேராக நடந்து போகிறவள்.
தோளைப் பிடித்து உலுக்கி
யார் அடித்தார்கள், அந்தப் பெண் எங்கே,
பணமெல்லாம் என்ன ஆயிற்று என்று
வாசலிலேயே கேட்டு முடிக்கிறவள்.
கேள்விகள் வந்து பற்களுக்குப் பின்னால் நின்றன.
சுவரை ஒட்டிப் போனேன்.
பீட்ரூட் சூப்பை மேசையில் வைத்தேன், பக்கத்தில் ரொட்டி.
திரும்பி நின்று ஜன்னலில்
துறைமுகக் கிரேன்களின் சிவப்பு விளக்குகளை எண்ணினேன்.
பதினேழாவது விளக்கில்
கரண்டிச் சத்தம் கேட்டது.

நாலாம் நாள், நடுநிசி,
தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால்
குளியலறைத் தரையில் மிரோன்.
வாஷிங் மெஷினுக்கு முதுகைக் காட்டி
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
நான் சொல்லித் தரவில்லை.
"சாம்பல் நிறம்மா" என்றான், திரும்பாமல்.
"ஓரக்கண்ணில் பட்டது. மார்பில் மட்டும் வெள்ளை."
அப்படியா என்றேன்.
வேறெங்கோ போகிறவள்போல
தண்ணீர் குடிக்காமலே வந்து படுத்துக்கொண்டேன்.

காலையில் சூப் சட்டியின் மூடி தரையில் கிடந்தது.
சட்டியில் பாதி இல்லை.
அவனைக் கேட்கவில்லை.
ரேடியேட்டர் மேல் திங்கட்கிழமை தூங்கிக்கொண்டிருந்தாள்,
மீசை முழுக்கச் சிவப்பாக.